கைசர் ஜஹான் பெயர் சொல்லாத பறவை

லஸ் முனையிலிருந்து கச்சேரி ரோட்டுக்குள் சிறிது தூரம் நடந்தால் ஒரு கண்ணாடிக் கடை வரும். பலகையில் அதன் பெயர் பாதிதான் தெரியும். மீதியைக் கேபிள் ஒயர்கள் மறைத்துக்கொண்டிருக்கின்றன. கண் சோதிக்கிற கடைக்கு இது நல்ல விளம்பரமில்லை என்று ஒருமுறை சொன்னேன்.

"படிக்க முடியாதவங்கதானே சார் உள்ள வராங்க" என்றார் கைசர் ஜஹான்.

ஐம்பதைத் தாண்டியவர். கடை அவருடைய தந்தை வைத்தது. வீடு கடைக்கு மேலேயே. கணவர் காஷிஃப் ஏசி மெக்கானிக். வேலை இல்லாத காலைகளில் கீழே வந்து பிரேம்களைத் துடைத்து அடுக்குவார். மகள் ஜுவேரியாவுக்குத் தரமணியில் வேலை. சண்டை சச்சரவு அதிகமில்லாத குடும்பம். இருந்தாலும் எனக்குத் தெரியாது என்பதுதான் சரி. கடைக்கு மேலே நான் ஏறியதில்லை.

கண் சோதிக்கும்போது கைசர் ஜஹான் ஒரு பழக்கத்தை விடவே மாட்டார். எழுத்தைச் சொல்ல மாட்டார். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்பார், அவ்வளவுதான். வந்தவர் தப்பாகப் படித்தாலும் முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல் "ம்" என்று அடுத்த வரிக்குப் போவார். கூட வந்த மனைவி எடுத்துக் கொடுத்தால் வெளியே உட்காரச் சொல்லிவிடுவார். காத்திருக்கும்போதே சுவரில் மாட்டிய எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. டிரைவிங் லைசென்ஸுக்காக வருகிறவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்காகவே மேசைக்கு அடியில் வேறு அட்டைகள் வைத்திருக்கிறார். பேசிக்கொண்டே மாற்றிவிடுவார்.

"நாம சொல்லிட்டோம்னா அவங்க கண்ணு பாக்காது சார். காதுதான் பாக்கும்."

இதைக் கேட்டு நான் பெரிதாக வியக்கவில்லை. இதையே நீளமாகச் சொல்கிற தடித்த புத்தகங்களைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் சனிக்கிழமை மாலையில், கடைக்குள் நிற்க இடமில்லாமல் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, ஒரு கிழவர் கடைசி வரியில் திணறுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

அவர் பறவை பார்க்க வந்த விதமும் கடையிலிருந்துதான். அவருடைய தந்தை, கிண்டி ரேஸுக்குப் போகிறவர்களின் பைனாகுலர்களைப் பழுது பார்த்துக் கொடுத்தவர். யாரோ திரும்ப வாங்காமல் விட்டுப்போன ஒன்று அலமாரியில் கிடந்தது. செங்கல் கனம். ஒருநாள் கைசர் ஜஹான் அதன் பூஞ்சையைத் துடைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். தூரத்துக் கோபுரத்தில் ஒரு சுதைச் சிற்பத்தைக் குறிவைத்துத் திருகினார். சிற்பம் தெளிவானதும் அதன் அக்குளிலிருந்து ஒரு பச்சைக்கிளி தலையை நீட்டி அவரைப் பார்த்தது. மாடியில் தனியாக நின்று சிரித்தாராம். அதன் பிறகு துணி எடுக்க மாடிக்குப் போனவர் துணி இல்லாமல் இறங்கிவர ஆரம்பித்தார். "அம்மிக்குக் கிளி புடிச்சிடுச்சு" என்றாள் ஜுவேரியா, அம்மாவை அம்மி என்று கூப்பிடுகிறவள். அவள்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றின் வாட்ஸ்அப்பில் தாயைச் சேர்த்துவிட்டது.

அந்தக் குழுவில் பெரிய மனிதர் சுப்பராமன். மயிலாப்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரர், ஆடிட்டர். நகரத்தில் யாராவது வழக்கமில்லாத பறவையைப் பார்த்ததாகச் சொன்னால் அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறவர்களில் ஒருவர். பெரும்பாலும் தள்ளுவார். "படம் இருக்கா?" என்பார். படம் இருந்தால் "இது தெளிவா இல்லையே" என்பார். இரு சக்கர வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் போவது என் வேலை. நான் அந்தக் குழுவில் இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. எனக்கு உள்ளானுக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் கேட்கக் கூடாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில் குழு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது: நண்டு தின்னி. பெயரே போதும், அதன் வேலையைச் சொல்லிவிடும். அரேபியப் பாலைவனத்து ஓரக் கடற்கரைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிற பறவை. குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டில் வந்தால் ராமேசுவரம், மன்னார் வளைகுடாப் பக்கம்தான் தங்கும். சென்னை அதன் வழியில் இல்லை. அந்த வாரம், பழவேற்காட்டில் ஒன்றைப் பார்த்ததாக யாரோ சொன்னதாக யாரோ எழுதியிருந்தார்கள். உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கரையைத் துழாவ ஆரம்பித்தார்கள்.

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், உடைந்த பாலத்துக்கு அப்பால் ஒரு மணல்திட்டு உண்டு. கைசர் ஜஹான் கடை திறப்பதற்கு முன் அங்கே போய்வருவது வழக்கம். அன்று நல்ல பனி. திட்டின் மேல் வெள்ளை உடம்பு, கறுப்பு முதுகு, நீண்ட கால், அசையாமல் நிற்கிறது. உடனே குழுவுக்கு எழுதினார்: "நண்டு தின்னி! உடைந்த பாலம். ஓடி வாங்க."

வந்தார்கள். பாலவாக்கத்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி, மீட்டிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு. தேனாம்பேட்டையிலிருந்து ஒரு பல் மருத்துவர், வாயைத் திறந்தபடி ஒரு நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு. இது குழுவில் சொல்கிற கதை, நான் நம்பவில்லை. சுப்பராமனை நான்தான் கொண்டுபோனேன். வெயில் ஏறிப் பனி விலகியது. மணலில் ஒரு மூங்கில் குச்சி. அதில் கட்டிய தெர்மோகோல் கட்டி. மேலே கறுப்புக் கொடி. கடலில் வலை இருக்கும் இடம் தெரிய மீனவர்கள் மிதக்கவிடுகிற அடையாளம், அலையில் வந்து ஒதுங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊரூர் குப்பத்து மீனவர் வேலு தண்ணீரில் இறங்கி வந்து அதைப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு போனார்.

"பறவையை வேட்டையாடிண்டு போறான், யாராவது வனத்துறைக்கு போன் பண்ணுங்கோ" என்றார் சுப்பராமன். அன்றிலிருந்து கைசர் ஜஹான் குழுவில் தெர்மோகோல் மேடம் ஆனார். கரையில் வெள்ளையாக எது கிடந்தாலும், பால் பாக்கெட்டாக இருந்தாலும், "மேடம், உங்க ஐட்டம்" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் கடையில் ஒருநாள் என் மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "தப்பாப் பாக்கறது தப்பில்ல சார். எல்லாருக்கும் ஆகும். நான் பாக்கறதுக்கு முன்னாடியே பேர காதுல வாங்கிட்டுப் போனேன். கஸ்டமரை எதுக்குத் திட்டறேனோ அதையே பண்ணேன். ஊர்க் கண்ணெல்லாம் பாக்கறவ. என் கண்ணு இப்ப சிரிப்பாப் போச்சு."

பிறகு அவர் குழுவில் எதையும் முதலில் சொல்வதில்லை. எது தெரிந்தாலும் யாராவது பெயர் சொல்லும்வரை காத்திருந்து "ஆமா" என்பார். வருவதையே விட்டுவிடலாமா என்று ஜுவேரியாவிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். தன் கண் சொல்வதை அந்தக் குழு ஒருமுறை நம்ப வேண்டும். அதுவும் சுப்பராமன் நம்ப வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் நம்பி என்ன பயன்.

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு காலை. அதே இடம். திட்டில் பவளக்கால் உள்ளான்கள் சிவந்த காலோடு வரிசையாக நின்றிருந்தன, கடற்காகங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று தனியாக நின்றது. கைசர் ஜஹானுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, எரிச்சல். பைனாகுலரை இறக்கிவிட்டார். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். பிறகு இடதை மூடி வலதால். வாய்க்குள் சொல்லிக்கொண்டார்: வெள்ளை. முதுகு கறுப்பு. மூக்கும் கறுப்பு, கட்டாரி போலத் தடியாக. கால் நீளம், சாம்பல் நிறம். நடக்கிறது.

"நடக்குதுன்னதும்தான் சார் மூச்சு வந்துச்சு" என்று பிறகு சொன்னார். "தெர்மோகோல் நடக்காதில்ல."

அவரிடம் படமெடுக்கும் கருவி இல்லை. போனில் எடுத்தால் புள்ளி விழும். குழுவில் எழுதினால் என்ன வரும் என்று தெரியும். சுப்பராமனைக் கூப்பிட்டார். அவர் அப்போது என் வீட்டு வாசலில் நின்று பால்காரனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போடுவது அவர் வழக்கம். அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"சார், உடைஞ்ச பாலத்துக்கு இப்ப வர முடியுமா? ஸ்கோப் எடுத்துட்டு."

"என்ன பறவை?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டேளா? விடுகதையா? கார்த்தால எனக்கு ஒரு கிளையண்ட் வரார், கைசர்ம்மா."

"நீங்க வந்து பாத்து நீங்களே சொல்லுங்க சார்."

"தெர்மோகோலா?"

"இருக்கலாம் சார். அதுக்குத்தான் கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு சுப்பராமன் என்னைப் பார்த்தார். நூறு பொய்க் கணக்குகளைப் பிடித்தவருக்கு, பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற ஆள் புதிது. "வண்டிய எடுங்கோ" என்றார். "ஆத்துல சொல்லிட்டு வரேன்."

நாங்கள் மந்தைவெளியைத் தாண்டி அடையாறு பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அங்கே இன்னொரு சிக்கல். வேலு வீச்சுவலையோடு வந்துவிட்டார். திட்டுக்கு நடந்துபோய் அதன் ஓரத்தில் நின்றுதான் அவர் வலை வீசுவது. அவர் கால் வைத்தால் திட்டில் இருக்கும் எல்லாமே கிளம்பிவிடும்.

"வேலு, கொஞ்ச நேரம் நில்லுப்பா. அங்க ஒரு பறவ இருக்குது."

"இன்னாக்கா நீ. கொக்கு குந்திக்கினு கீதுன்னு நான் வலை போடாம நிப்பனா? மீனு இன்னா கடையா, பத்து மணிக்குத் தொறக்க?"

"ஒரு சார் வரார். பாத்துட்டாருன்னா நீ போய்க்கோ."

வேலு அப்போதுதான் அவரை உற்றுப் பார்த்தார். "ஐயே, எங்க கொடியப் பாத்து பறவைன்னு ஊரக் கூட்டுனியே, அந்த அக்காதானே நீ? தாயம்மாவுக்குக் கண்ணாடி போட்டதும் நீதானே?" தாயம்மா அவர் மனைவி. "கண்ணாடி போட்டதுலேர்ந்து மீனுல மண்ணு கீதுன்னு என்னியத் திட்டிக்கினே கீறா. முன்ன நிம்மதியா இருந்தேன்."

"அப்ப நல்லாத் தெரியுதுன்னு அர்த்தம்."

வேலு சிரித்துவிட்டார். திட்டின் முனையில் பழைய கட்டை ஒன்று செருகி நின்றது. அதைக் காட்டினார். "தண்ணி ஏறிக்கினு கீது. அந்தக் கட்டையத் தொட்டுச்சுன்னா நான் எறங்கிடுவேன். அப்பறம் உன் சாரு வந்தா இன்னா, கவர்னரு வந்தா இன்னா." கரையில் உட்கார்ந்து வலைச் சிக்கலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டைக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும். இந்த அரை மணியில் பறவையும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தது. நடந்து களைத்து, முழங்காலை மடித்து மணலில் உட்கார்ந்து, தலையைத் திருப்பி முதுகுக்குள் சொருகிக்கொண்டிருந்தது. நெஞ்சு மட்டும் கரைப் பக்கம், காலும் தெரியவில்லை, அலகும் தெரியவில்லை, கறுப்பு முதுகும் தெரியவில்லை. எனக்கு அப்போது இது தெரியாது. கைசர் ஜஹானின் முகம் மட்டும் தெரிந்தது. கடையில் இருக்கும் அதே முகம், எந்தக் குறிப்பும் இல்லாமல்.

சுப்பராமன் ஒற்றைக் குழல் தொலைநோக்கியான தன் ஸ்கோப்பை முக்காலியில் பொருத்தினார். "எங்க?"

"இடது ஓரத்துலேந்து ஆரம்பிங்க சார். என்ன தெரியுதுன்னு சொல்லிட்டே வாங்க."

"என்ன இது, எனக்குக் கண் டெஸ்டா?" என்றாலும் குனிந்தார். "பவளக்கால் உள்ளான். நெறைய."

"ம்."

"கடற்காகம். பழுப்புத் தலை."

"ம். வேற?"

"ஒரு கொக்கு. ரெண்டு." ஸ்கோப் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. நின்றது. சுப்பராமனின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கு ஒரு கணம் ஆனது.

"கைசர்ம்மா, உங்க பழைய சிநேகிதர் உக்காந்துண்டிருக்கார். இந்தத் தடவை கொடி இல்லாம வந்திருக்கார். தெர்மோகோல்."

நான் கைசர் ஜஹானைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் "ம்" என்றார். "வேற?"

"வேற ஒண்ணும் இல்லை." சுப்பராமன் நிமிர்ந்து தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அந்தக் கண்ணாடி மிகப் பழையது. புதிது போடச் சொல்லி கைசர் ஜஹான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். "இதுவே போறும்" என்பார் அவர். "இதுக்காகவா என்னைக் கூப்டேள்? கிளையண்ட் ஆத்துல வந்து உக்காந்துண்டிருப்பார்."

கரையிலிருந்து வேலு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, அது தூங்கிக்கினு கீது. ஒரு கல்லு வுடட்டா? எழுந்து நிக்கும். சாரும் பாத்துக்குவாரு, நானும் வேலையப் பாத்துக்குவேன்."

"வேணாம் வேலு." இதை மட்டும் அவர் சத்தமாகச் சொன்னார். "எங்கிருந்து பறந்து வந்துச்சோ. தூங்கட்டும்."

"எது தூங்கறது?" என்றார் சுப்பராமன், முக்காலியின் ஒரு காலை மடக்கிக்கொண்டே. கைசர் ஜஹான் திரும்பிக் கட்டையருகே ஏறும் தண்ணீரைப் பார்த்தார்.

அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு நான் பலமுறை யோசித்தேன். பிடிவாதம் என்று சொல்லலாம். ஆனால் அன்று அவர் சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். சுப்பராமன் அதை நம்பாமல் போயிருப்பார். அல்லது, அவர் சொன்னதற்காக ஒரு வெள்ளைக் கட்டியைப் பறவை என்று நினைத்துப் பார்த்திருப்பார். முதலாவது நடந்தால் அவமானம். இரண்டாவது அவருக்கு அதைவிட மோசம். சுப்பராமன் காதால் பார்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை. தெர்மோகோல் என்ற சொல்லை மயிலாப்பூரிலிருந்தே எடுத்து வந்திருந்தவரின் காதில் இன்னொரு சொல்லைப் போட்டு என்ன ஆகப்போகிறது.

தண்ணீர் கட்டையைத் தொட்டது. வேலு எழுந்து வலையைத் தோளில் போட்டார். "டைம் ஆய்ப்போச்சுக்கா."

சுப்பராமன் முக்காலியின் இரண்டாவது காலை மடக்கக் குனிந்தார்.

"சார்" என்றார் கைசர் ஜஹான். "இன்னொரு தடவ பாருங்க. அவசரமில்ல."

கடையில் கடைசி வரியில் திணறுகிறவர்களிடம் அவர் சொல்கிற அதே வார்த்தைகள். சுப்பராமன் பெருமூச்சு விட்டார். மடக்கிய காலை நீட்டினார், என்னவோ எனக்காகச் செய்வது போல என்னை ஒருமுறை முறைத்துவிட்டுக் கண்ணை வைத்தார்.

திட்டின் விளிம்பில் ஏறிய மெல்லிய அலை ஒன்று வெள்ளைக் கட்டியின் அடியைத் தொட்டிருக்க வேண்டும். எனக்கு வெறும் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவே: தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி உயரமானது. சுப்பராமனுக்குத் தெரிந்தது வேறு. தெர்மோகோல் எழுந்து நின்றது. ஒரு சிறகை நீட்டிச் சோம்பல் முறித்தது. முதுகுக்குள்ளிருந்து ஒரு கறுத்த அலகை எடுத்தது. நான்கு அடி வைத்தது, நின்றது, ஓடியது, மணலில் குத்தியது. அலகில் ஒரு நண்டு காலாட்டிக்கொண்டிருந்தது.

சுப்பராமன் கண்ணை ஸ்கோப்பிலேயே அழுத்திக்கொண்டார். வேலு தண்ணீரில் முழங்கால்வரை இறங்கியவர் அப்படியே நின்று, "இன்னா சாரு மூச்சு வுடறாரா பாருக்கா" என்றார்.

"கைசர்ம்மா."

"சொல்லுங்க சார்."

"வெள்ளை. முதுகு நெடுகக் கறுப்பு. மூக்கு…" அவரும் தன்னை அறியாமல் அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனார். "கால் சாம்பல். நண்டு… நண்டை முழுங்கறது." கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நண்டு தின்னின்னா இது! மெட்ராஸ்ல! நண்டு தின்னி!"

"ஆமா சார்" என்றார் கைசர் ஜஹான். அப்போதுதான் அவர் மணலில் உட்கார்ந்தார்.

சுப்பராமன் தன் ஸ்கோப்பின் மேல் போனை வைத்து எடுத்த படங்களில் ஒன்று தேறியது. மற்றவை எதிர்பார்த்தபடி தெளிவாக இல்லை. பிறகு போனை அவரிடம் நீட்டினார். "நீங்களே குரூப்ல போடுங்கோ. நீங்க பாத்தது."

"நான் போட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க சார்."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. உண்மை அது. சுப்பராமனும் மறுக்கவில்லை. நின்றபடியே எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். குழுவுக்குப் போனது இதுதான்: "நண்டு தின்னி. அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலம். கண்டவர் கைசர் ஜஹான். பார்த்ததும் நான் தெர்மோகோல் என்று சொன்னேன்."

சுப்பராமனிடம் எனக்குப் பல குறைகள் உண்டு. அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எழுதினார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்றுவரை கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பல் மருத்துவர் கையுறையோடு வந்தார் என்பது இப்போதைய கதை. வேலு திட்டுக்குப் போகாமல் ஆற்றுப் பக்கமாக நின்றே வலை வீசினார், கிடைத்தது கொஞ்சம்தான். கூட்டத்தைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு எங்க கொடிக்கும் இப்டித்தான் ஜனம் வந்துச்சு. போறப்ப திட்டிக்கினே போனாங்க. இன்னிக்கு இன்னாடான்னா பல்லக் காட்டிக்கினு கீறாங்க" என்றார். யாரோ ஸ்கோப்பில் அவரையும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார். "இத்தினியூண்டு நண்டத் துன்றதுக்கு இம்மாந்தூரம் வந்துச்சா?" என்றார்.

காஷிஃப் போன் செய்தார். "கைசர், கடை தொறந்தாச்சு. ஒருத்தர் வந்து உக்காந்து அட்டைய உத்து உத்துப் பாத்துட்டிருக்கார்."

"அந்த அட்டைய எடுத்து உள்ள வைங்க. வந்துட்டேன்."

பறவை மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் இல்லை. அது வழிதவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா, ராமேசுவரத்தைவிட அடையாற்று நண்டு பிடித்திருந்ததா என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. யாருக்கும் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதில் தவறும் இல்லை.

தெர்மோகோல் மேடம் என்று இப்போதும்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கரையில் வெள்ளையாக ஏதாவது கிடந்தால் யாரும் உடனே சிரிப்பதில்லை. ஒருமுறை பைனாகுலரை உயர்த்திப் பார்த்துக்கொள்கிறார்கள். கைசர் ஜஹானை நல்ல பறவை நோக்கர் என்று நான் சொல்ல மாட்டேன். தாவி ஓடும் சின்னக் குருவிகளில் அவருக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. அன்று பார்த்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. அலை ஒரு கணம் தாமதித்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். அல்லது எழுதியிருக்க மாட்டேன்.

மாசி பிறந்து ஒரு மாலை நான் கடைக்குள் நுழைந்தபோது, சோதிக்கிற நாற்காலியில் சுப்பராமன் உட்கார்ந்திருந்தார். தானாகவே வந்திருக்கிறார். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு அட்டையைக் கடகடவென்று படித்தார். கடைசி வரியில்கூட ஒரு தடங்கல் இல்லை. முடித்துவிட்டு, இந்தக் கண்ணில் என்ன குறை கண்டீர்கள் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கைசர் ஜஹான் முகத்தில் ஒன்றும் இல்லை. "ம்" என்றார். பிறகு குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"சார், நீங்க படிச்சது நீங்க உள்ள வரும்போது மாட்டியிருந்த அட்டை. அத மாத்தி ரொம்ப நேரம் ஆச்சு."

சுப்பராமன் எதிரே மாட்டியிருந்த அட்டையை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெளியே போய் உட்காருங்கோ என்று எனக்குக் கை காட்டினார்.

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். திரைக்கு உள்ளே வில்லைகள் மாறும் சத்தம் கேட்டது.

"இது தெளிவா சார், அது தெளிவா?"

நாற்காலி கிறீச்சிட்டது. வில்லைகள் மறுபடி மாறின.

"அவசரமில்ல" என்றார் கைசர் ஜஹான்.